உக்கடம் டூ சிங்கப்பூர்!

உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏறினால், வாளையாறில் "எதுக்குங்க வர்றீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. 2020 கொரோனா சமயம் தவிர, தூங்கிக்கொண்டே மாநிலம் தாண்டலாம்!

பக்கத்து சீட் அண்ணனின் தம்பி கிரைண்டர் ஆர்டர் பிடிக்க சிங்கப்பூர் கிளம்புகிறாராம். "ரெண்டு மாசம் வரைக்கும் இருக்கலாமுங்களாம். சும்மா இருக்கற நேரத்துல மாமன் கடையில நின்னா நாலு காசாச்சே?"

"வேண்டாமுங்ணா!" என்றேன்.

2005-ல் இந்தியாவும் சிங்கப்பூரும் போட்ட ஒப்பந்தப்படி, வியாபார விஷயமாகப் போகிறவர் பேரம் பேசலாம், ஆர்டர் வாங்கலாம். கடையில் நின்று சம்பளம் வாங்கினால் அது வேலை. அதற்குத் தனி பாஸ் வேண்டும். இல்லாமல் மாட்டினால் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 2 வருஷம் வரை ஜெயில்!

அண்ணன் யோசித்தார். "மாமன் கடையில டீயாச்சும் குடிக்கலாமுங்களா?"

"குடிக்கலாமுங்ணா. ஆத்திக் கொடுக்கத்தான் கூடாது!"