'நான் எவ்ளோ அழகு' பாட்டுகள்!

அழகா இருக்கறவனைப் பார்த்தா நமக்குப் பொறாமை வரும். 'நான் எவ்ளோ அழகு பாரு'ன்னு திரியறவனைப் பார்த்தா சிரிப்புதான் வரும். இந்த ரெண்டாவது ஆசாமியை வெச்சு இங்கிலீஷ்ல சில அட்டகாசமான பாட்டு இருக்கு மக்களே.

முதல்ல, 1991-ல வந்த 'ஐயாம் டூ செக்ஸி'. ரிச்சர்ட், ஃப்ரெட் ஃபேர்பிராஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர், ரெண்டுமே மொட்டைத்தலை. லண்டன்ல ஜிம் நடத்திட்டிருந்தாங்க. அங்க கண்ணாடி முன்னாடி நம்மாளுங்க காட்டற பந்தாவைத் தினமும் பார்த்திருக்காங்க. ஒருநாள் ரிச்சர்ட் சட்டையைக் கழட்டிட்டு, கண்ணாடியைப் பார்த்து விளையாட்டா பாட, அதுவே பாட்டாயிடுச்சு. இங்கிலாந்துல ஆறு வாரம் ரெண்டாம் இடம். பிரையன் ஆடம்ஸ் பாட்டு ஒண்ணு முதலிடத்தை விட்டு நகரவே இல்லை. 1992-ல அமெரிக்காவுல முதலிடம் கிடைச்சுது. 2017-ல டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டு ஒண்ணுல அந்த மெட்டோட சாயல் இருந்ததால இவங்க பேரையும் சேர்த்துப் போட்டாங்க.

அடுத்தது மேக் டேவிஸ். கன்ட்ரி பாடகர், நிஜமாவே ஆள் அழகன். 1980-ல 'அடக்கமா இருக்கறது ரொம்ப கஷ்டம்ப்பா'ங்கற அர்த்தத்துல ஒரு பாட்டு பாடினார். மூஞ்சில சிரிப்பே இல்லாம பாடறதுதான் இதுக்கெல்லாம் டெக்னிக். சிரிச்சா ஜோக் செத்துடும்.

மூணாவது, கார்லி சைமனோட 'யூ ஆர் ஸோ வெய்ன்', 1972. இது இன்னொருத்தரைக் கிண்டல் பண்ற பாட்டு. இதுல ஒரு பொறி இருக்கு: 'என்னைப் பத்திதான் பாடியிருக்கா'ன்னு நெனச்சாலே மாட்டிக்கிட்டான்! நடிகர் வாரன் பீட்டி ஃபோன் பண்ணி நன்றி வேற சொன்னாராம், கார்லியே சொல்லியிருக்காங்க. 2015-லதான் ரெண்டாவது சரணம் அவரைப் பத்தினதுன்னு ஒத்துக்கிட்டாங்க.

இந்த மூணுலயும் ஒரு விஷயம் கவனிச்சீங்களா? யாரோட மூக்கையும் நிறத்தையும் கிண்டல் பண்ணலை. அலட்டலைத்தான் பண்றாங்க. அலட்டலை நாளைக்கே விட்டுடலாம். மூக்கை எங்க கொண்டு போய் விடறது?

எங்க ஹாஸ்டல் விழாவுல சீனியர்ஸ் ஒரு பாட்டு கட்டினாங்க. கறுப்பா இருக்கற ஒரு பையனை வெச்சு நாலு சரணம். ஹாலே சிரிச்சுது, அவனும் சிரிச்சான். அதுக்கப்புறம் ரெண்டு வாரம், மெஸ்ல கூட்டம் குறைஞ்ச பிறகுதான் சாப்பிட வந்தான். ஒரு குரூப் ஃபோட்டோவுலயும் அவனைக் காணோம். 'சும்மா ஜாலிக்குதானடா'ன்னாங்க சீனியர்ஸ். ஜாலி யாருக்குன்னுதான் தெரியலை.

ஃபேர்பிராஸ் சகோதரர்கள் கேலி பண்ணினது கண்ணாடில தெரிஞ்ச ஆளை. அதனாலதான் முப்பது வருஷம் தாண்டியும் அந்தப் பாட்டைக் கேட்டு எல்லாரும் சேர்ந்து சிரிக்க முடியுது. கிண்டல் பாட்டு கட்டற நண்பர்களே, உங்க ரூம்லயும் ஒரு கண்ணாடி இருக்கும். முதல் சரணத்தை அங்கேர்ந்து ஆரம்பிங்க :-)