கூட்டின் தரை

ஈகைப் பெருநாளுக்குப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஒரு சோடி முயல்களை வாங்கினோம். கூட்டின் தரைக்கு அரை அங்குலக் கம்பிவலையைத் தேர்ந்தவர்கள் நாமே. புழுக்கை கீழே விழுந்துவிடும். கழுவும் வேலை குறையும். அந்தக் கணக்கில் முயலின் பாதம் இடம்பெறவே இல்லை.

பூனைக்கும் நாய்க்கும் உள்ளங்காலில் மெத்தென்ற திண்டு உண்டு. முயலுக்கு அது இல்லை. அடர்ந்த உரோமமே அதன் பாதுகை. கம்பியில் நாளெல்லாம் குந்தியிருந்தால் உரோமம் தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிவிடும். இரண்டு மாதம் சென்று பெட்டையைத் தூக்கிப் பார்த்த மகள்தான் இரத்தத்தைக் கண்டாள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்! தீனியில் குறை வைக்கவில்லையே என்று மனத்துக்குள் வாதாடிப் பார்த்தோம், வாதம் நிற்கவில்லை.

மருந்தைக் கால்நடை மருத்துவர் தந்தார். தரையை நாமே மாற்ற வேண்டியிருந்தது. உம்மா தந்த பழைய கோரைப்பாயை விரித்தோம். நான்கே நாளில் தின்று தீர்த்தன. பின்பு பாதித் தரைக்குப் பலகை இட்டோம். மூத்திரம் ஊறி நாறிற்று. ஈரமும் புண்ணுக்குப் பகைதான். ஆகவே இரண்டு பலகைகள்: ஒன்று கூட்டில், மற்றொன்று வெயிலில். மேலே வைக்கோல். மஃரிபுக்கு முன் மாற்றுவது மகளின் பொறுப்பு.

ஆண்முயலின் கால்கள் தப்பின. பெட்டையின் இடப் பின்னங்காலில் உரோமம் இன்னும் முளைக்கவில்லை. அது பலகையை விட்டு இறங்குவதே இல்லை.