ஏறுவது பாதிதான்

2010 நவம்பரில் சீனாவின் குவாங்சூ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்களுக்கான 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் பிரீஜா ஸ்ரீதரன். நேரம் 31 நிமிடம் 50.47 விநாடி. ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளியில் வெள்ளி வாங்கிய கவிதா ரௌத்தும் இந்தியர்தான். பிரீஜா பிறந்தது இடுக்கி மலைக் கிராமத்தில். ரயில்வே உத்தியோகம் கிடைத்தது பாலக்காட்டில்.

இந்த இரண்டு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டும் தொடுவது தமிழ்நாட்டை. கொழிஞ்சாம்பாறையிலும் தமிழ் கேட்கும், வட்டவடையிலும் கேட்கும். பிரீஜா ஓடியது சமதளத் தடகளப் பாதையில். மலைப்பாதையில் நெடுந்தூரம் ஓடத் தயாராகிறவருக்கோ இந்த இரு மாவட்டங்களும் ஒரே பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்புகள்.

முதல் வகுப்பு பாலக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு இங்கே வழிவிட்டிருக்கிறது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிப் பழகினால் இரண்டு வாரத்தில் உடல் மாறிவிடுகிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை சீக்கிரம் சுரக்கிறது. அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. தண்ணீர் விஷயத்திலும் நிதானம் தேவை. மணிக்கணக்கில் ஓடுகிறவர் தாகமில்லாமலே வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகும்.

இரண்டாம் வகுப்புக்குப் போக பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கு ஏற வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரம். பக்கத்தில் 2,695 மீட்டரில் ஆனைமுடி. சமவெளியில் ஒரு மணி நேரத்தில் 10 கி.மீ. ஓடுகிறவர் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி நடக்கத் தொடங்குகிறார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறார். இந்த வெட்கம் போக வேண்டும். மோன் பிளாங் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் சுமார் 170 கி.மீ. பந்தயத்தில் முன்னணி வீரர்களே செங்குத்தான ஏற்றங்களை நடந்துதான் கடக்கிறார்கள்.

ஏற்றம் மூச்சைச் சோதிக்கிறது என்றால், இறக்கம் தொடையைச் சோதிக்கிறது. கீழே இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் போல உடல் எடையைத் தாங்குகிறது. இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து வீட்டுப் படி இறங்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆறிய பிறகு அதே தசை அடுத்த இறக்கத்தைச் சில வாரங்களுக்கு நன்றாகத் தாங்குகிறது. அதனால் இறக்கத்தையும் பயிற்சியில் சேர்க்கிறார்கள், பந்தயத்துக்கு முந்தைய வாரத்தைத் தவிர. அடியைச் சின்னதாக வைக்க வேண்டும். தேயிலைத் தோட்டச் சரிவில் மூட்டையோடு இறங்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எந்தப் பயிற்சி அட்டவணையிலும் எழுதாத பாடம் ஒன்று இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று இடுக்கி எல்லையிலுள்ள கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டத்தின் குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் பெய்த மழையில் சரிந்த மலை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பையே புதைத்தது. கோடையில் காய்ந்த புல், மழையில் ஊறிய மண், விடியலில் யானை. இவற்றில் எதுவும் ஓடுகிறவரின் வேகத்தைக் கண்டு விலகுவதில்லை.

ஆகவே வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் கால் வைப்பதில்லை. வெளிச்சம் வருமுன் கிளம்புவதில்லை. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லாமல் போவதில்லை. இன்னும் மூன்றே கி.மீ.தான் உச்சி என்னும்போது மேகம் கருத்தால் திரும்பிவிட வேண்டும். கால்களைவிட மனசுக்கு இது கடினம். அடுத்த ஞாயிறும் மலை அங்கேதான் இருக்கும். மறுநாள் வீட்டுப் படியில் தொடை வலித்தால், நல்லபடியாகத் திரும்பி வந்திருக்கிறார் என்று அர்த்தம்.