இடுப்பில் கை வைத்து நின்றவன்

 

போன வாரம் நம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். இப்போது ஒரு தொழில்முறை கால்பந்து அணியில் பிசியோ. “என் பொழுது பாதி இடுப்பு மூட்டோடதான் சார் போகுது” என்றான். எங்கே வலி என்று கேட்டால் சில வீரர்கள் விரலால் காட்ட மாட்டார்களாம். கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் தொடை இடுக்கில் பதிய, இடுப்பைக் கவ்விப் பிடிப்பார்களாம். எழுந்து நின்று செய்தும் காட்டினான். எனக்குக் காபி இறங்கவில்லை.

1994 அணியில் நம் லெஃப்ட் விங் பையன் அப்படித்தான் நிற்பான். “இடுப்புல கை வச்சு என்னடா ஸ்டைலு?” என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! கவட்டு வலி என்றான். தசைப்பிடிப்பு என்று நானே முடிவுகட்டி, உட்காரவைத்து முழங்கால்களைத் தரையோடு அமுக்கினேன். போதாததற்கு ஐம்பது பஸ்கி.

பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தொடை எலும்பின் பந்து கழுத்தோடு சேரும் இடம் புடைத்திருந்தாலோ, கிண்ணத்தின் விளிம்பு அதிகமாக மூடியிருந்தாலோ, காலை மடக்கி உள்பக்கம் திருப்பும்போது எலும்பும் எலும்பும் இடிக்கும். நடுவில் மாட்டும் குருத்தெலும்பு நைந்துபோகும். முழுக்க இறங்கிப் பஸ்கி போட்டால் கேட்கவே வேண்டாம். இந்தப் புடைப்பு வளரும் வயதில், கடும் பயிற்சியில் உருவாகிறது என்று நெதர்லாந்தில் இளம் வீரர்களைத் தொடர்ந்து படமெடுத்துக் கண்டிருக்கிறார்கள். நான் பஸ்கி போடவைத்த அதே வயது.

புடைப்பு உள்ள எல்லோருக்கும் வலி வருவதில்லை. அதனால் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. வலி, மருத்துவர் காலை மடக்கித் திருப்பிப் பார்ப்பது, படம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்று 2016-இல் வல்லுநர்கள் கூடிச் சொல்லியிருக்கிறார்கள். இவன் முதலில் ஆழமாக மடக்கும் பயிற்சியை நிறுத்துவான், ஓட்டத்தையும் உதைப்பதையும் குறைப்பான். புட்டத்துக்கும் உள்தொடைக்கும் வயிற்றுக்கும் சில மாதம் வலுவூட்டுவான். அதற்கும் அடங்காவிட்டால்தான் நுண்துளை அறுவை. பிறகு களத்துக்குத் திரும்ப மாதக்கணக்காகும்.

“சீசன் நடுவுல இதைக் கோச்சுக்குப் புரியவைக்கிறதுதான் சார் கஷ்டம்” என்றான். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பையனுக்கு இதுவேதானா என்று இனி யார் சொல்வது? பிளஸ் டூவில் அவன் அணிக்கு வரவில்லை. படிப்புக்காக என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவும் இல்லை.

94 பேட்ச் யாரிடமாவது அவன் எண் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். இப்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா என்று கேட்க வேண்டும்.