ஐம்பது காசுக் கேள்வி

மோகனூரில் காவிரிக் கரைப் பக்கம் வாழை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், பதினைந்து நாளைக்கு ஒரு கார்டு எழுதுகிறார். பூவன் வாழையில் இலைப்புள்ளி, கரும்பில் இடைக்கணுப் புழு, கொடிக்காலில் வாடல் என்று ஏதாவது ஒரு கேள்வி. பேரனிடம் செல்போன் இருக்கிறது. படம் பிடித்து அனுப்பினால் சாயங்காலமே பதில் வந்துவிடும். அது அவருக்கும் தெரியும்.

காரணம், தெருமுனையில் இருக்கும் சிவப்புத் தபால் பெட்டி. போன வருஷம் தபால்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே விழறதில்லீங்கய்யா, குளவிதான் கூடு கட்டியிருக்குது. இப்படியே போனா பெட்டியை எடுத்துருவாங்க" என்றார். அந்த வாரமே கார்டு ஆரம்பமாகிவிட்டது.

சின்ன வயதில் அப்பா இடுப்பில் தூக்கிப் பிடிக்க, அந்த வாயில் கடிதம் போட்டவர் அவர். தங்கை கல்யாணத்துக்கு மஞ்சள் தடவிய பத்திரிகைகள் போனதும் அதன் வழியாகத்தான். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதிய கார்டுகள் திருச்சி வானொலிக்குப் போகும். அந்த நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பால் பரவிய ஆடுதுறை 27 நெல்லை அப்போது 'ரேடியோ நெல்' என்றே சொன்னார்கள். ரேடியோ பேசியதை ஊர் கேட்டது. ஊர் திருப்பிப் பேசியது இந்தப் பெட்டியில்தான்.

இந்தியாவில் கார்டு வந்தது 1879இல், விலை காலணா. இன்றைக்கு 50 காசு. ஒரு டீக்கூட அந்தக் காசுக்குக் கிடைக்காது!

இங்கிலாந்தில் தெருத் தபால் பெட்டிகளை இருக்கிற இடத்திலேயே புழக்கத்தில் வைத்திருப்பது என்று 2002இல் அஞ்சல் நிறுவனமும் பாரம்பரியத் துறையும் சேர்ந்து முடிவு செய்தன. நம் ஊரில் கோயில் என்றால் பார்க்க ஆள் உண்டு. சுமைதாங்கிக் கல்லும் தபால் பெட்டியும் ரோடு போடும்போது பாதி புதைந்தால்கூடக் கேட்பாரில்லை. பெட்டி மேல் போஸ்டர் ஒட்டாமல் இருக்கலாம். எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கோட்ட அஞ்சல் கண்காணிப்பாளருக்கு மனுக் கொடுக்கலாம். ஆனால் கடிதமே விழாத பெட்டிக்கு மனுக் கொடுத்து என்ன பிரயோஜனம்? பெரியவர் கணக்கு அதுதான்.

இந்த முறை கார்டில் அவர் கேட்டிருப்பது: "மருந்து அடிக்காமல் குளவிக் கூட்டைக் கலைப்பது எப்படி?"