இரண்டாம் வகுப்பு முத்திரை

கடிதத்தின்மேல் எந்த முத்திரையை ஒட்டுவது என்பது ஒரு பிரச்சினையாக இருக்கக்கூடும் என்று இலண்டனுக்குச் செல்லும்வரை நாம் எண்ணியதில்லை. நமது ஊர்த் தபாற்கந்தோரிலே சாதாரணக் கடிதத்திற்கு ஒரே முத்திரைதான். வாங்குவோம், ஒட்டுவோம், பெட்டியிற் போடுவோம். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மேற்படிப்பின்பொருட்டு ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த காலத்திலேதான், அந்நாட்டிலே கடிதங்களுக்கும் வகுப்புகள் உண்டென்பது நமக்கு உறைத்தது.

முதலாம் வகுப்பு முத்திரை ஊதா நிறம். அதனை ஒட்டிய கடிதம் அடுத்த வேலைநாளிற் சேரவேண்டும் என்பது இலக்கு. இரண்டாம் வகுப்பு பச்சை நிறம். அதற்கு மூன்று வேலைநாட்கள். 2025 ஏப்ரலில் முன்னையதன் விலை 1 பவுண் 70 பென்ஸாகவும் பின்னையதன் விலை 87 பென்ஸாகவும் உயர்ந்தன. அவ்வாண்டு ஜூலையிலே, இரண்டாம் வகுப்புக் கடிதங்களைச் சனிக்கிழமைகளில் விநியோகிக்க வேண்டியதில்லை, ஏனைய வாரநாட்களிலும் ஒன்றுவிட்ட ஒருநாள் விநியோகித்தாற் போதும் என்று கண்காணிப்பு அமைப்பான ஒவ்கொம் விதியைத் தளர்த்தியது. மேலும், தெருமுனைக் கடைகளில் முத்திரைகள் பெரும்பாலும் நான்கோ எட்டோ கொண்ட சிறு புத்தகங்களாகவே விற்கப்படுகின்றன. ஆகவே, ஒரே ஒரு கடிதத்தை விரைவாக அனுப்ப விரும்பிய ஏழை, அவ்வாண்டின் விலைப்படி கடைக்காரரிடம் 6 பவுண் 80 பென்ஸை நீட்டவேண்டியவனாயிருந்தான்.

நாம் தங்கியிருந்த வீட்டின் அடுத்த அறையிலே வடமராட்சியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இருந்தார். பல ஆண்டுகள் பண்டகசாலைகளிலே இரவுவேலை செய்து ஓய்ந்தவர். அவருடைய வாடகையின் பெரும்பகுதியை அரசாங்க உதவிப்பணமே ஈடுசெய்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நிரப்பிய படிவமொன்றை நம்மிடம் தந்து, இரண்டு பவுண் நாணயத்தையும் நீட்டினார்.

“மாஸ்டர், நீங்கள் படிச்சனீங்கள். எந்த முத்திரை எண்டு பாத்து ஒட்டிவிடுங்கோ.”

“காசு வேண்டாம் ஐயா, என்னட்டை முத்திரை கிடக்கு” என்றோம். நம்மிடம் இருந்தது பச்சை முத்திரை. அதனை ஒட்டிப் பெட்டியிற் போட்டுவிட்டு, ஒரு முதியவருக்கு உதவி செய்த மனநிறைவோடு அறைக்குத் திரும்பினோம். படிவம் செவ்வாய்க்கிழமைக்குள் சேரவேண்டும் என்று அதன் அடியிற் பொறிக்கப்பட்டிருந்ததை நாம் வாசிக்கவில்லை. கடிதம் புதன்கிழமை சேர்ந்தது. தபாலிற் பிழையில்லை, மூன்று வேலைநாட்கள் என்ற வாக்கு காப்பாற்றப்பட்டது. உதவிப்பணம் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் அது மீண்டதெனினும், அம்மாத வாடகைக்கு அவர் கடன்பட நேர்ந்தது. 83 பென்ஸை மிச்சம்பிடித்த நமது தாராளத்தின் விலை அதுவாகும்.

நம்மை மேலும் சிந்திக்கவைத்தது இன்னொன்று. உதவியை நிறுத்தியதாக அவருக்கு வந்த கடிதத்தில் இடப்பட்டிருந்த திகதி, அது கையிற் கிடைத்த நாளுக்கு ஒன்பது நாள் முந்தியது. பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும் என்பது நிபந்தனை. அந்நாட்கள் எழுதிய திகதியிலிருந்தே எண்ணப்பட்டன. மலிவான வழியிற் கடிதத்தை அனுப்பிச் சிக்கனம்செய்தது காரியாலயம். அச்சிக்கனத்திற்குத் தன் ஒன்பது நாட்களைக் கொடுத்தவர் அம்முதியவர்.

இவ்விடத்திலே தபால் வரலாற்றைச் சற்று நோக்குவது பொருத்தமாகும். 1840ஆம் ஆண்டுக்கு முன்னர் பிரித்தானியாவிற் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டு கணிக்கப்பட்டது. அதனைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினார். பாராளுமன்ற உறுப்பினரோ இலவசமாகக் கடிதம் அனுப்பும் சலுகை பெற்றிருந்தனர். கடிதத்தைக் கொண்டுசெல்லும் செலவு சொற்பமே, கட்டணத்தைக் கணக்கிட்டு அறவிடும் செலவே பெரிது என்று ரோலண்ட் ஹில் 1837இல் வெளியிட்ட பிரசுரத்திலே வாதித்தார். 1840 ஜனவரி 10ஆம் திகதி முதல், நாட்டின் எந்த மூலைக்கும் அரை அவுன்ஸ் கடிதத்திற்கு ஒரு பென்னி என்றாயிற்று. உறுப்பினரின் இலவசச் சலுகையும் ஒழிந்தது. அதே ஆண்டு மே மாதத்திற் கறுப்புப் பென்னி முத்திரை பிறந்தது. அனுப்புபவரே செலுத்துவது வழக்கமாகிப் பெறுபவரின் சுமை இறங்கியது. பிரபுவின் கடிதமும் தொழிலாளியின் கடிதமும் ஒரே பையிற் சென்றன.

1968 செப்டெம்பர் 16ஆம் திகதி அப்பை இரண்டாகப் பிரிந்தது: முதலாம் வகுப்பு ஐந்து பென்ஸ், இரண்டாம் வகுப்பு நான்கு பென்ஸ். பிரித்தது தொழிற்கட்சி அரசாங்கமே என்பது மனங்கொள்ளத்தக்கது. அன்று வேறுபாடு ஒரு பென்னி. இன்று இரண்டாம் வகுப்பின் விலையைப்போல ஏறத்தாழ இருமடங்கு கொடுத்தே முதலாம் வகுப்பைப் பெறவேண்டும். 2013இல் ரோயல் மெயில் தனியார்மயமாக்கப்பட்டது. இரண்டாம் வகுப்பின் விலைக்கு உச்சவரம்பு உண்டு. முதலாம் வகுப்பிற்கு இல்லை. மலிவைக் காக்கச் சட்டம் உண்டு. விரைவு சந்தைக்கு விடப்பட்டது.

மறுபக்கத்தையும் கூறவேண்டும். 2004-05இல் 2,000 கோடியாக இருந்த கடிதங்களின் தொகை 2023-24இல் ஏறத்தாழ 670 கோடியாகச் சுருங்கிவிட்டது. எல்லாக் கடிதங்களும் ஓடவேண்டியவையல்ல; முன்கூட்டி அனுப்பும் வாழ்த்துமடல் ஆறுதலாக நடந்து போகலாம். இலண்டனுக்குள் அனுப்பினாலும் வடகோடியிலுள்ள ஷெட்லண்ட் தீவுகளுக்கு அனுப்பினாலும் ஒரே விலை என்ற ஹில்லின் அறம் இன்றும் அழியவில்லை. மெதுவான தபால் இருப்பது அநீதியென்று நாம் சொல்லவரவில்லை. முத்திரையைத் தெரிபவர் ஒருவர், தாமதத்தைச் சுமப்பவர் வேறொருவர் என்பதே நமது முறைப்பாடு. 1840இல் பெறுபவரின் தலையிலிருந்து இறங்கிய கட்டணம், இன்று காசாகவன்றி நாட்களாக மீண்டும் அவர் தலையில் ஏறியுள்ளது. கணினியும் கைத்தொலைபேசியும் கைவந்தவர்கள் இதனை உணரார். காகிதத்தையே நம்பியிருப்போர் முதியோரும் வறியோருமே. அவர்களுடைய நேரம் மலிவானது என்ற எண்ணம் அச்சிறு பச்சை முத்திரையினுள்ளே மறைந்திருக்கிறது. அவ்வெண்ணம் அன்று நமக்குள்ளும் இருந்தது.

ஊர் திரும்பும் முன்னர் முதலாம் வகுப்பு முத்திரைப் புத்தகமொன்றை வாங்கி அம்முதியவரிடம் கொடுத்தோம். வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “நான் போடுறது கிடக்கட்டும் மாஸ்டர், எனக்கு ஆர் இதிலை போடப்போகினம்?” என்றார்.

நமது பாடசாலையிலிருந்தும் பெற்றோருக்குக் கடிதங்கள் போகின்றன. அவற்றிலும் இத்தனை நாட்களுக்குள் என்ற நிபந்தனை உண்டு. இப்போதெல்லாம் நாம் எழுதும் கடிதங்களில் அந்நாட்களைக் கையொப்பமிட்ட திகதியிலிருந்து எண்ணுவதில்லை. கடிதம் அவர்கள் கையிற் கிடைத்த நாளிலிருந்தே எண்ணுகிறோம்.