ரயில் பாஸா, தனிச் சீட்டா?

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்லவிருக்கும் வாசகர்களே! அங்குச் செல்லும் ஏழு நாள் ரயில் பாஸை வாங்குமுன் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள்.

அதன் விலை 29,650 யென்னாக இருந்த காலத்தில், டோக்கியோவிலிருந்து கியோட்டோ சென்று திரும்பினாலே ஏறத்தாழ முதல் தேறிவிடும். 2023 அக்டோபரில் அது 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது. அதே பயணத்திற்குத் தனிச் சீட்டுகளின் விலை ஏறக்குறைய 28,000 யென்தான். எஞ்சிய 22,000 யென் வீண்விரயமன்றோ? குடும்பத்தோடு செல்வோருக்கு இவ்விழப்பு இன்னும் பெருகும்.

மேலும், ஏழு நாள் என்பது தொடர்ச்சியான ஏழு நாட்கள். ஓய்வெடுக்கும் நாளும் அதில் கழிந்துவிடும். அதிவேக 'நொசோமி' வண்டியில் ஏறக் கூடுதல் கட்டணம் உண்டு. டோக்கியோவின் சுரங்க ரயில்களில் பாஸ் செல்லாது.

ஹிரோஷிமா, ஃபுகுவோகா, சப்போரோ என ஒரே வாரத்தில் நெடுந்தொலைவு சுற்றுவோருக்கே அது ஆதாயம். எனவே, செல்லும் ஊர்களை எழுதி, கட்டணங்களைக் கூட்டிப் பார்த்த பின்னரே பணப்பையைத் திறவுங்கள்.